துடுப்பா, கூடாரமா? வேலூரிலிருந்து ஆற்றுப் பயணம் போக நினைப்பவர்களுக்கு

வேலூர்க்காரர்களுக்கு ஆற்றுப் பயண ஆசை பெரும்பாலும் கைப்பேசி வழியாகத்தான் வருகிறது. அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் ஒருவர் கேனோ என்ற துடுப்புப் படகில் இரண்டு மூன்று நாள் ஆற்றோடு மிதந்துபோய், இரவில் கரையிலேயே கூடாரம் அடித்துத் தங்கிய படங்களை அனுப்புகிறார். சத்துவாச்சாரியில் உட்கார்ந்து அதைப் பார்க்கிற நமக்கோ, பாலத்தின் கீழே மணலும் சீமைக் கருவேலமுமாகக் கிடக்கிற பாலாறுதான் ஆறு. பொங்கல் விடுமுறைக்கு நாமும் அப்படி எங்காவது போகலாமே என்ற பேச்சு அடுத்த நாளே தொடங்கிவிடுகிறது.

அந்தப் படங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது. சில ஆறுகளை அணை கட்டாமல் இயல்பாக ஓடவிட வேண்டும் என்று அமெரிக்காவில் 1968-இல் ஒரு தனிச் சட்டமே இயற்றினார்கள். அப்படிப்பட்ட ஆறுகள் பலவற்றில் படகு இறக்க ஒரு துறை, கரையேற ஒரு துறை, இடையில் தங்கக் குறித்துவைத்த இடங்கள், படகை வாடகைக்குக் கொடுத்துக் கீழே வந்து எடுத்துச் செல்ல வண்டி என்று எல்லாம் உண்டு. நம் பக்கத்தில் இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணி எப்போதும் விடுபட்டிருக்கும். துடுப்பை உங்கள் கையில் கொடுக்கும் இடத்தில் கரையில் படுக்க விட மாட்டார்கள். கூடாரம் அடிக்க இடம் கிடைக்கும் ஊரில் ஆற்றில் தண்ணீர் இருக்காது. ஆகவே, 'எந்த இடம் அழகானது?' என்று தொடங்கினால் பேச்சு முடியாது. நானே துடுப்புப் போட வேண்டுமா, நீரோசை கேட்கத் தூங்க வேண்டுமா, இரண்டில் எதை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் இடம் தானாகவே அமைந்துவிடும்.

படகைப் பற்றியும் தெளிவு வேண்டும். கேனோ மேலே திறந்த நீளப் படகு. துடுப்பின் ஒரு முனையில் மட்டும் நீரைத் தள்ளும் தட்டையான அலகு. முழங்காலிட்டோ குறுக்குப் பலகையில் உட்கார்ந்தோ வலிப்பார்கள். இரண்டு பேரும் சாமான்களும் ஏறும் என்பதால் பல நாள் பயணத்துக்கு அதுதான் வசதி. கயாக் குறுகலானது, துடுப்பின் இரு முனையிலும் அலகு இருக்கும், சாமான் அதிகம் ஏறாது. சுற்றுலா இடங்களில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கயாக்தான். கேனோவை வாடகைக்குக் கொடுத்து ஆற்றோடு அனுப்பிவைக்கும் இடம் எதையும் வேலூரிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவுக்குள் எதிர்பார்க்க வேண்டாம். அந்த வேலையைக் காவிரியில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது பரிசல். மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் படுதாவும் போர்த்தித் தார் பூசியது. படகை நேராகப் போக வைக்கும் முதுகுக்கட்டை அடியில் இல்லாததால் குயவர் சக்கரம் போலச் சுழலும். பாறைமேல் ஒரு சாண் தண்ணீர் ஓடினாலும் வழுக்கிக் கடந்துவிடும். ஆனால் அதை நேராக ஓட்டுவது பழகியவர் கைக்கு மட்டுமே கட்டுப்படும் வித்தை. பரிசலில் நீங்கள் பயணி மட்டுமே.

இனி வீட்டு வாசலிலிருந்து தொடங்குவோம். பாலாற்றிலேயே போக முடியாதா என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார். நந்தி மலைப் பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் ஆறு; அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். காகிதத்தில் இதைவிட நல்ல படகுப் பாதை இருக்க முடியாது. நடப்பில், வடகிழக்குப் பருவமழை நன்றாகக் கொட்டி, புல்லூர் தடுப்பணை நிரம்பி வழிகிறது என்று செய்தி வரும் சில வாரங்களில்தான் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீரும் வந்தால் வெள்ளமாக வரும், இல்லாவிட்டால் வராது. 1903 நவம்பரில் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்தை அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டைத் தாண்டி நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனதை நாமே பாலத்தில் கூட்டமாக நின்று பார்த்தோம். வேடிக்கை பார்க்க வந்த தண்ணீர் அது. படகு விட வந்தது அல்ல.

வெள்ளம் வடிந்து சாந்தமாக ஓடும்போதும் எனக்குச் சம்மதமில்லை. காரணம் மூன்று. முதலாவது, தடுப்பணை. மேலிருந்து பார்த்தால் இடுப்புயரச் சுவரில் தண்ணீர் அழகாக வழிந்து விழும். விழுந்த இடத்தில் மேற்பரப்பு நீர் சுவரை நோக்கியே திரும்பச் சுழலும். அங்கே சிக்கிய ஆளையோ படகையோ அது வெளியே விடாது. நீச்சல் தெரிந்தவரையும் உருட்டிக்கொண்டே இருக்கும். உலகம் முழுவதும் துடுப்புப் படகுக்காரர்கள் அருவியைவிட அதிகம் அஞ்சுவது இத்தகைய குட்டைச் சுவர்களைத்தான். இரண்டாவது, மணல் எடுத்த பள்ளங்கள். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் குழியில் இறங்கிவிடலாம். மூன்றாவது, ஆற்றுக்குள் சாய்ந்து வளர்ந்த சீமைக் கருவேலம். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும். படகும் ஆளும் முள்ளில் மாட்டிக்கொள்வார்கள்.

தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996-இல். 'மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும்' என்ற கொள்கையைச் சட்ட மாணவர்கள் இன்றும் அந்த வழக்கை வைத்துத்தான் படிக்கிறார்கள். ஆம்பூருக்குக் கீழே அந்தத் தண்ணீரில் முகம் கழுவவே யோசிக்க வேண்டியிருக்கும்போது கூடாரம் அடித்துச் சமைப்பது எங்கே! குடியாத்தம் பக்கம் மோர்தானா அணைப் பகுதி கண்ணுக்கு அருமையான இடம்தான். ஆனால் ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் நடமாடும் எல்லை அது. பகலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

கூடாரம்தான் முக்கியம், துடுப்பு கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஜவ்வாது மலை. போளூர் வழியாகவோ ஆலங்காயம் வழியாகவோ ஜமுனாமரத்தூர் போனால் பீமன் அருவி, கோமுட்டேரிப் படகுத் துறை, சாமைச் சோறு, மலைத்தேன் எல்லாம் ஒரே சுற்றில் கிடைக்கும். கோமுட்டேரியில் மிதிப்பதும் துடுப்புப் போடுவதும் குழந்தைகளுக்குப் போதுமான விளையாட்டு. அதை ஆற்றுப் பயணம் என்று யாரும் ஏமாற வேண்டாம். இந்த மலையில் பிறக்கும் செய்யாறு கீழே திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. மலைமேல் அது பாறைகளுக்கிடையே ஓடும் ஓடை அளவுதான். மழைக்காலத்தில் மட்டும் முரட்டுத்தனம் காட்டும்.

ஆனால் இரவு இருக்கிறதே, அதற்காகவே போகலாம். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்தது சும்மா இல்லை. 1986 முதல் அங்கே இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு இருட்டு தேவைப்பட்டது. அந்த இருட்டு உங்கள் கூடாரத்துக்கு மேலும் இலவசமாக விரிந்திருக்கும். தை, மாசியில் அமாவாசையை ஒட்டிப் போங்கள். இரவு குளிருக்கு ஒரு கம்பளி கட்டாயம். வேலூர் வெயிலை நினைத்துக்கொண்டு வெறும் போர்வையோடு போனால் விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டியதுதான்.

கூடாரத்தை எங்கே அடிப்பது என்பதில் கண்டிப்பு தேவை. காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று அரசே 40 தடங்களை இணையப் பதிவுக்குத் திறந்துவிட்டது. நடக்க ஆசையிருந்தால் அந்த வழியில் போகலாம். தங்குவதற்குத் தனியார் தோட்டங்களும் விடுதிகளும் இடம் தருகின்றன. பட்டா நிலமா என்று கேட்பதில் வெட்கப்பட வேண்டாம். ஏலகிரியும் இதே கணக்குதான்: புங்கனூர் ஏரியில் படகு, மலையில் தங்கல். ஆனால் வார இறுதிக் கூட்டமும் ஒலிபெருக்கியும் உங்களுக்கு முன்பே வந்து இடம் பிடித்திருக்கும்.

ஒகேனக்கல்லுக்கு வருவோம். கிருஷ்ணகிரி, தர்மபுரி, பென்னாகரம் வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினால் முற்பகலில் பரிசலில் இருக்கலாம். வேலூரிலிருந்து போய் உண்மையான, பெரிய, ஓடும் ஆற்றின்மேல் உட்கார வேண்டும் என்றால் இதைவிடக் கிட்டத்தில், இதைவிடக் குறைந்த செலவில் வேறு இடமில்லை. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே பச்சை நிறத்தில் ஆழமான நீர், மேலே அருவியின் சாரல். பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பால் அதை வளைத்து வளைத்துக் கொண்டுபோவதைப் பார்ப்பதே ஒரு பாடம். மணல் திட்டில் இறங்கிப் பொரித்த மீன் சாப்பிடலாம். எண்ணெய்க் குளியல் போடுபவர்கள் போடட்டும். எனக்கு அந்தக் கூட்டத்தில் உடம்பைக் கொடுக்க மனம் வருவதில்லை.

துடுப்பு உங்கள் கைக்கு வராது. ஆற்றங்கரையில் கூடாரமும் கிடையாது. கரையில் படுக்கக் கூடாது என்பதை அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். அங்கே முதலை மறுவாழ்வு மையம் இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. காவிரியில் முதலைகள் உண்டு. மேலே இருபுறமும் வனவிலங்குச் சரணாலயம். தமிழ்நாட்டுப் பக்கத்தில் காவிரி வடக்குச் சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது. கோடையில் யானைகள் தண்ணீருக்கு வரும் கரையில் நம் கூடாரத்துக்கு என்ன வேலை? விடுதியில் அறை எடுங்கள்.

ஒகேனக்கல்லின் இன்னொரு சிக்கல் தண்ணீர் அதிகமாகிவிடுவது. கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பித் திறந்தால், மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் ஓரிரு நாளில் நீர்வரத்து ஏறும்; மாவட்ட ஆட்சியர் பரிசலுக்குத் தடை போடுவார். ஜூலை, ஆகஸ்டில் இது வழக்கம். ஆடிப் பெருக்குக்குக் குடும்பத்தோடு போய், பரிசல் துறையில் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அன்றாட நாளிதழிலேயே பிலிகுண்டுலு நீர்வரத்து வருகிறது. பதினைந்தாயிரம், இருபதாயிரம் கன அடி என்று எண் ஏறினால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கிருஷ்ணகிரி வரை போய்விட்டு ஃபோன் போட்டுக் கேட்பதில் பயனில்லை.

இதே காவிரியில் இன்னும் மேலே, கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் இருக்கிறது பீமேஸ்வரி. ஓசூர், கனகபுரா வழியாகப் போகலாம். வேலூரிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் அங்கேயும், சங்கமாவுக்கு அருகே காலிபோரிலும் முகாம்கள் நடத்துகிறது. ஒரு காலத்தில் இவை வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் பெரும் கெண்டையைப் பிடித்து, படம் எடுத்து, மீண்டும் ஆற்றில் விடும் முகாம்கள். திமில் கெண்டை என்று சொல்லத்தக்க அந்தக் காவிரி மீன் 2018-இல் அழியும் அபாயம் மிக மிகுந்த இனம் என்று பட்டியலிடப்பட்டது. தூண்டில் போடுவது நின்றபின் முகாம்கள் பொதுச் சுற்றுலாவுக்குத் திரும்பின. இப்போது பீமேஸ்வரியில் கயாக்கை உங்கள் கையிலேயே கொடுக்கிறார்கள். அமைதியான நீர்ப்பரப்பில், ஊழியர் கண்பார்வையில், சிறிது நேரம்தான். என்றாலும் துடுப்புப் போடுவது நீங்கள். பரிசல் பயணமும் உண்டு. இரவில் ஆற்றையொட்டிய குடிலிலோ கூடார வடிவ அறையிலோ படுக்கலாம். ஆற்றின் ஓசை காதில் விழும். மலை அணில், நீர்நாய், கரையில் வெயில் காயும் முதலை எல்லாம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இரண்டு ஆசையும் பாதிப் பாதியாக நிறைவேறும் ஒரே இடம் இதுதான் என்பது என் கணக்கு. குறை விலையில் இருக்கிறது. சாப்பாடு, பரிசல், நடை எல்லாம் சேர்த்து ஆள் ஒருவருக்கு ஓர் இரவுக்கு இத்தனை ஆயிரம் என்று வாங்குவார்கள். ஒகேனக்கல்லில் ஒரு குடும்பம் முழுவதும் போய்வரும் செலவு இங்கே ஒருவருக்கே ஆகிவிடலாம். நான்கு நண்பர்கள் என்றால் தாங்கும். பாட்டி, தாத்தா, பேரப்பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய ஆள் என்றால் மறந்துவிடுங்கள். கட்டுப்பாடும் அதிகம்: காடு என்பதால் சத்தமில்லை, கரையில் தன்னிச்சையாக இறங்க முடியாது. சிலருக்கு அது குறை. எனக்கு அதற்காகவே பணம் கொடுக்கலாம் என்று தோன்றும்.

பிச்சாவரத்தை யாராவது பட்டியலில் சேர்ப்பார்கள். அலையாத்திக் காட்டுக்குள் குறுகலான கால்வாய்களில் படகு நுழைவது தனி அனுபவம்தான். ஆனால் துடுப்பு இருப்பது படகோட்டியின் கையில், தங்கல் சிதம்பரத்தில். சேற்றில் கூடாரம் நிற்காது. ஒருநாள் பயணமாக, நடராசர் தரிசனத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தின் தண்டேலிக்கு ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒரே கேள்வி: எத்தனை நாள் விடுப்பு? காளி ஆற்றில் சூபா அணையிலிருந்து மின்சாரத்துக்கு விடும் தண்ணீரில் ரப்பர் படகு விடுகிறார்கள். நுரை பொங்கும் நீரில் இறங்க வேண்டும் என்றால் அதுதான் சரியான இடம். ஆனால் பெங்களூருவைத் தாண்டி இன்னும் 450 கிலோமீட்டருக்கு மேல். மூன்று நாள் விடுப்பில் போனால் இரண்டு நாள் பேருந்தில் கழியும்.

காலத்தை வைத்துப் பார்த்தால் தேர்வு இன்னும் எளிது. ஆடி, ஆவணியில் காவிரி பொங்கும். ஐப்பசி, கார்த்திகையில் பாலாறும் பெண்ணையாறும் மிரட்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது பெண்ணையாற்றின் சாத்தனூர் அணையிலிருந்து இரவோடிரவாக ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்க வேண்டியிருந்தது. அணைக்குக் கீழே கரையில் கூடாரம் போடுவது என்ன பொருள் தரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எந்த ஆற்றோரமானாலும் கூடாரம் அடிக்கும் முன் புதர்களைப் பாருங்கள்: வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றனவோ அதுவரை தண்ணீர் வந்து போயிருக்கிறது. அதற்கு மேலேதான் உங்கள் இடம். சித்திரை, வைகாசியில் பாறையே சுடும். ஆக, நமக்கு மிஞ்சுவது தையிலிருந்து பங்குனி தொடக்கம் வரை. பொங்கல் வாரத்தில் எல்லாரும் கிளம்புவார்கள். ஒரு வாரம் தள்ளிப் போனால் அறையும் கிடைக்கும், பரிசல் துறையில் வரிசையும் இருக்காது.

இவ்வளவு அலைச்சல் எதற்கு, இணையத்தில் காற்றடைக்கும் கயாக் விற்கிறதே, வாங்கிக் காவேரிப்பாக்கம் ஏரியில் விடலாமே என்று என் அக்கா மகன் கேட்கிறான். விலை குறைந்த காற்றுப் படகுக்கும் நம் ஊர்க் கருவேல முள்ளுக்கும் ஒத்துவராது என்பது ஒரு பக்கம். பெரும்பாலான ஏரிகளில் மீன்பிடிக் குத்தகை இருக்கும். குத்தகைக்காரர் வலை போட்ட நீரில் அவரைக் கேட்காமல் படகு இறக்கினால் சண்டைதான். பொதுப்பணித் துறையா, ஊராட்சியா, யாரிடம் அனுமதி கேட்பது என்று அலைவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். துடுப்புப் பழக வேண்டுமானால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கயாக் கற்றுத்தருகிற இடங்களில் ஒரு காலைப் பொழுது செலவழித்துவிட்டு, பிறகு பீமேஸ்வரிக்குப் போ என்று சொல்லியிருக்கிறேன். படகு வாங்க வைத்திருந்த பணத்தில் நல்ல லைஃப் ஜாக்கெட் ஒன்று வாங்கிக்கொள்ளட்டும்.

அதையும் சொல்லிவிடுகிறேன். படகுத் துறைகளில் கொடுக்கும் ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் பெரியவர் அளவு. பட்டைகளை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது தண்ணீரில் தலையை விட்டுக் கழன்றுவிடும். குழந்தையின் அளவுக்கு இல்லையென்றால் அந்தக் குழந்தை பரிசலில் ஏற வேண்டாம். ஒருவர் அதோடு கரையில் இருந்து மீன் சாப்பிடட்டும். தவறி விழுந்தால் ஓடும் நீரில் எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது, பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, பாதங்களை நீரோட்டத் திசைக்கு நீட்டி மிதந்து, வேகம் குறையும் இடத்தில் கரையை நோக்கி நீந்த வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குப் பேருந்திலேயே சொல்லிக்கொடுங்கள். அருவிச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது.